ராணியின் முன்னங்கால்

ஆடி மாசம் வந்தா எங்க பக்கம் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தைக்குக் கிளம்பாதவங்க கம்மி. மாடு வாங்கறோமோ இல்லையோ, குதிரை பார்க்கவாவது போயிடணும். இந்த வருசம் சின்ன மகளைக் கூட்டிட்டுப் போனேன். காது நுனி ரெண்டும் உள்பக்கம் வளைஞ்சு ஒண்ணையொண்ணு தொடுற மார்வாரிக் குதிரை முன்னாடி நின்னவ நகரவே இல்லை. நான் குனிஞ்சு அதோட முன்னங்காலைத் தடவினேன். "மூஞ்சிய விட்டுட்டுக் காலை எதுக்குப்பா பார்க்கறீங்க?"ன்னு கேட்டா. அவகிட்டச் சொன்னதை உங்ககிட்டயும் சொல்லிடறேன்.

நான் கால்நடை மருத்துவம் படிச்ச காலேஜுல என்.சி.சி.யோட குதிரைப் பிரிவு இருந்தது. ரிமவுண்ட் அண்ட் வெட்னரின்னு பேரு. ரேக்ளா வண்டி ஓட்டின கை, குதிரையெல்லாம் ஒரு பொருட்டான்னு சேர்ந்தேன். முதல் வாரத்திலயே நாலு தடவை மண்ணைக் கவ்வினேன். மாட்டை மூக்கணாங்கயித்துல திருப்பிடலாம். குதிரை அப்படியில்லைங்க. நம்ம பார்வை எங்க போகுது, எடை எந்தப் பக்கம் சாயுதுன்னு முதுகிலயே தெரிஞ்சுக்கும். விடியக்காலைல லாயத்துக்குப் போய் லத்தி அள்ளி, பிரஷ் போட்டு, குளம்புக்குள்ள அடைஞ்ச மண்ணைக் கொக்கியால எடுத்த பிறகுதான் சேணம் கட்டணும்.

ரெண்டு வருசத்துல காலேஜ் டீமுக்கு வந்தேன். எனக்கு வாய்ச்சவ ராணி, செவலைக் குதிரை. நான் போட்டி போட்டது தடை தாண்டறதுல. ஒரு கட்டை விழுந்தா 4 தப்பு, குதிரை தாண்ட மறுத்து நின்னாலும் 4 தப்பு. தப்பு குறைஞ்சவங்க ஜெயிச்சாங்க.

போட்டிக்கு முந்தின நாள் சாயங்காலம், பழக்க தோசத்துல ராணியோட கால்களைத் தடவினேன். உழவு மாட்டைக் கட்டுத்தறியில கட்டறதுக்கு முன்னாடி காலைத் தொட்டுப் பார்க்கணும்னு எங்கய்யன் பழக்கினது. இடது முன்னங்கால், முட்டிக்குக் கீழே, லேசா சூடு. வீக்கம் இல்லை, நொண்டலும் இல்லை. குதிரைக்கு முட்டிக்குக் கீழே சதையே கிடையாது, நரம்பு மாதிரி தசைநாண்தான். தாண்டி இறங்கறப்ப முழு எடையும் முன்னங்காலுக்குத்தான் வரும். வகுப்புல படிச்சவன்தான் நான். ஆனா மாத்துக் குதிரை இல்லை. சொன்னா நாளைக்கு நான் வெளியே.

லாயத்தைப் பார்த்துக்கிட்ட பாய், "என்ன தம்பி, எல்லாம் சரிதானே?"ன்னார்.

"சரிதான் பாய்"னேன்.

மறுநாள் ராணி ஒரு கட்டையைக்கூடத் தட்டலை. கடைசித் தடையைத் தாண்டி இறங்கினதும் தலையை மேலே தூக்கித் தூக்கி நடந்தா. முன்னங்கால் வலிக்கிற குதிரை அப்படித்தான் நடக்கும். எனக்கு மெடல் மாட்டினாங்க. பாய் ஈரத்துணியைச் சுத்திக்கிட்டே, என் முகத்தைப் பார்க்காம, "நேத்தே தெரியுமா?"ன்னு கேட்டார். நான் வாயைத் திறக்கலை. அதுக்கப்புறம் அவர் எங்கிட்ட எதுவுமே கேட்கலை. பல மாசம் ஓய்வுல இருந்தும் ராணி மறுபடி தடை தாண்டவே இல்லை. நான் படிப்பு முடிச்சுக் கிளம்பற வரைக்கும், புதுசா வர்ற பசங்களைச் சுமந்துக்கிட்டு மைதானத்தைச் சுத்தி நடந்துக்கிட்டிருந்தா. நான் வந்தா கழுத்தை நீட்டி என் சட்டைப் பையில வெல்லம் தேடுவா. அதுதான் எனக்குத் தாங்கலை.

போன தை மாசம் ரேக்ளாவுக்குப் பூட்டின என் காளை ஒண்ணுக்குக் கால் சூடா இருந்தது. வண்டியை அவுத்துட்டேன். "டாக்டருக்குப் படிச்சவனுக்குப் பயம்"னு சிரிச்சாங்க. சிரிச்சுட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன்.

மகள் கொஞ்ச நேரம் பேசாம நின்னா. அப்புறம் உட்கார்ந்து அந்த மார்வாரியோட காலைத் தன் சின்னக் கையால பிடிச்சுப் பார்த்தா.

"சில்லுன்னு இருக்குப்பா."

"அப்படித்தான் இருக்கணும் சாமி"ன்னேன்.