உசார்

வட்டுக்கோட்டைப் பக்கத்தில் காய்ச்சலில் கிடந்து எழும்பியவரைப் பார்க்கப் போனால், "இப்ப உசாரோ?" என்றுதான் கேட்பார்கள். "ஓம், இப்ப உசார்" என்று பதில் வரும். உடம்பில் பழைய தெம்பு திரும்பியதும் மனம் எழுந்து நின்றதும் அந்த ஒரு சொல்லில் அடங்கிவிடும். எண்பது வயதிலும் சைக்கிள் உழக்கிச் சந்தைக்குப் போகிறவர் உசாரான மனிசன். தூங்கி வழியும் பிள்ளைக்கு "உசாரா நட" என்போம். தமிழ்நாட்டில் இதே சொல் 'உஷார்' என்ற பெயரில் வேறு வேலை பார்க்கிறது. அங்கே அது எச்சரிக்கை. கள்வன் வருகிறான், ஏமாற்றுக்காரன் வருகிறான், பார்த்திரு என்பது பொருள்.

வாப்பாவைச் சென்னைக்கு வைத்தியத்துக்குக் கொண்டுபோனபோது இந்த வேறுபாடு எனக்கு நேரிலேயே தெரிந்தது. சத்திரசிகிச்சை முடிந்த மூன்றாம் நாள், பக்கத்துக் கட்டில்காரரின் மகன் நலம் விசாரித்தான். "வாப்பா உசாரா இருக்கிறார்" என்றேன். அவன் குரலைத் தணித்து, "ஏன் சார், யார் மேலயாவது சந்தேகமா?" என்றான். வாப்பா சிரித்துவிட்டு, தையல் நோகிறதென்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

மூலம் பாரசீகம். 'ஹோஷ்' என்றால் அறிவு, உணர்வு, நினைவு தெளிந்த நிலை. அதோடு 'யார்' என்ற விகுதி சேர்ந்தால் 'ஹோஷ்யார்', அறிவு தெளிந்தவன். பாரசீகக் கவிதையில் மது மயக்கத்தில் கிடப்பவனுக்கு நேர் எதிரானவன் இவன். உருதுவில் புத்திசாலி, விழிப்பானவன். மராத்தியில் 'ஹுஷார்' என்றால் கெட்டிக்காரன். தெலுங்கில் 'ஹுஷாரு' உற்சாகம். மலையாளத்திலும் 'உஷார்' அதே துள்ளல்தான். கன்னடத்தில் அது கவனமாக இரு என்றும் பொருள்படும், உடல்நலம் என்றும் பொருள்படும். சுகமில்லாத கன்னடக்காரர் தமக்கு 'ஹுஷார் இல்லை' என்பார். நம்முடைய "இப்ப உசாரோ?" அங்கேயும் நோயாளியின் தலைமாட்டில் நிற்கிறது.

ஒலியையும் பாருங்கள். உருதுவின் ஓகாரமும் யகரமும் தமிழில் இல்லை, மராத்தியிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் இல்லை. ஆகவே சொல் டில்லியிலிருந்து நேராக வராமல் தக்காணத்து வாய்களில் தேய்ந்துதான் தெற்கே இறங்கியிருக்க வேண்டும் என்பது என் எண்ணம். 17ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பீஜாப்பூர்ப் படை செஞ்சியைப் பிடித்தது. 1676இல் தஞ்சையில் மராத்தியர் ஆட்சி தொடங்கியது. 1698இல் செஞ்சி மொகலாயர் கைக்குப் போனது, பின்னர் ஆர்க்காட்டு நவாபுகள் வந்தார்கள். சிப்பாயும் கணக்கனும் வரிகாரனும் பேசிய சொற்கள் ஊருக்குள் புகுந்தன. வசூல், பாக்கி, ஜாமீன், வக்கீல் எல்லாம் அந்தக் கூட்டத்தோடு வந்தவை. நம் நாட்டில் இன்றும் அரசாங்க அதிபரிடம் கையளிக்கும் 'மகஜர்' அரபிலே பிறந்து பாரசீகக் கச்சேரியில் வளர்ந்த சொல். ஜரூர் இன்னும் வேடிக்கையானது. அரபில் 'அவசியம்' என்றிருந்தது, தமிழ்நாட்டுப் பத்திரிகையில் வேலை 'ஜரூராக' நடக்கிறது என்னும்போது விறுவிறுப்பாகிவிட்டது.

யாழ்ப்பாணத்தார் உசாரை எவ்வளவு தூரம் மாற்றிவிட்டார்கள் என்பதற்கு 'உசார் மடையன்' ஒன்றே போதும். வேலைக்கு முந்திப் பாய்வான், யோசிக்க மாட்டான், அவன் உசார் மடையன். பாரசீகக்காரனுக்கு இதை மொழிபெயர்த்தால் 'அறிவுள்ள மடையன்' என்று வரும், பாவம், திகைத்துப் போவான். சொல்லின் தாய்வீட்டில் அறிவு இருந்தது. நம்மிடம் வந்தபோது அறிவைக் கழற்றி வைத்துவிட்டு வேகத்தை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

இதையெல்லாம் தேட நேர்ந்தது ஒரு பிள்ளையின் கட்டுரையால். தரம் எட்டு மாணவி ஒருத்தி, "என் அம்மம்மா உசாரானவர்" என்று எழுதியிருந்தாள். விடைத்தாளைத் திருத்திய சக ஆசிரியர் அதைச் சிவப்பு மையால் வெட்டி, மேலே 'சுறுசுறுப்பானவர்' என்று எழுதினார். ஏன் என்று கேட்டேன். "அது தமிழில்லை சேர், உங்கட ஆக்களின்ர சொல்லெல்லோ" என்றார். நல்ல மனிதர், கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. ஆனாலும் அந்த 'உங்கட' என்னைக் குத்தியது. 1990 ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது எனக்கு ஒன்பது வயது. புத்தளத்து ஓலைக் கொட்டிலில் உம்மா எங்களை எழுப்பியது "உசாரா எழும்புங்கோ" என்றுதான். விட்டுவந்த ஊரிலிருந்து எங்களோடு வந்தவற்றுள் அந்தப் பேச்சும் ஒன்று.

இலங்கை முஸ்லிம்களின் வீட்டுமொழி தமிழ், உருது அல்ல. நிய்யத்தும் பறக்கத்தும் துஆவும் மார்க்கத்தோடு வந்த அரபுச் சொற்கள், அவற்றை எங்கள் ஆக்களுடையவை என்றால் சரி. உசார் பள்ளிவாசல் வழியாக வரவில்லை. படைவீடும் கச்சேரியும் கொடுத்தது அது. எழுதிய பிள்ளையும் அவளுடைய அம்மம்மாவும் இந்த ஊர்ச் சைவக் குடும்பத்தார்.

சுறுசுறுப்பு நல்ல சொல்தான். எறும்புக்கு அது பொருந்தும். ஆனால் கணவனை இழந்து, இரண்டு தரம் இடம்பெயர்ந்து, திரும்பிவந்து தோட்டம் கொத்துகிற கிழவிக்கு அது போதாது. விழுந்து எழும்பிய தெம்பு சுறுசுறுப்பில் இல்லை.

வடசொல்லை எடுக்கலாம், வடவெழுத்தை நீக்கி எடு என்று தொல்காப்பியர் எச்சவியலில் வழி சொல்லியிருக்கிறார். அவர் நினைத்த வடசொல் வேறு. இருந்தாலும் ஹகரத்தை விட்டு, ஷகரத்தைச் சகரமாக்கி வந்த உசார் அந்த வழியிலேதான் நடந்திருக்கிறது. தொல்காப்பியத்தை அச்சேற்றியவர்களுள் ஒருவரான சி.வை. தாமோதரம்பிள்ளை, 1823இல் இதே வட்டுக்கோட்டையில் தொடங்கிய செமினரியின் மாணவர். இதைச் சொன்னதும் சக ஆசிரியர் கொஞ்சம் யோசித்தார். பிறகு தானே வெட்டுக்குப் பக்கத்தில் சரி போட்டு, ஒரு புள்ளியைக் கூட்டினார்.

காத்தான்குடியிலும் அக்கரைப்பற்றிலும், கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் பெரியவர்கள் இந்தச் சொல்லை எந்தப் பொருளில் ஆளுகிறார்கள் என்பதை அவ்வூர் வாசகர்கள் எழுதியனுப்பினால் உதவியாக இருக்கும். வசனத்தோடு எழுதுங்கள், யார் யாரைப் பார்த்துச் சொன்னது என்பதையும் சேர்த்து.