கழுத்தில் நாலு கோடு

அக்கா மகளின் பின்கழுத்தில் நாலு கோடுகள். மேலிருந்து கீழாக, லேசான சாய்வில், ஒன்றுக்கொன்று கொஞ்சம் ஏறி இறங்கி. முதலில் சிவந்தன, மறுநாள் நீர் கோத்துக் கொப்பளித்தன, அப்புறம் காப்பிப்பொடி நிறத்துக்குக் கறுத்துப்போயின. தோல் டாக்டர் உற்றுப் பார்த்துவிட்டு, "யார் எண்ணெய் தடவிவிட்டது?" என்று கேட்டார். நான் கையைத் தூக்கினேன். என்னுடைய விரல்கள்தான் அவை.

செங்கல்பட்டில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் எப்போதும் ஏதாவது ஒரு பாட்டில் வெயில் காய்ந்துகொண்டிருக்கும். வெட்பாலையில் ஆரம்பித்த கிறுக்கு இது. இலையைக் கையாலேயே கிள்ளிப் போட்டு (இரும்பு படக்கூடாது என்பார்கள், நான் காரணம் கேட்டதுமில்லை, மீறியதுமில்லை) தேங்காயெண்ணெய் ஊற்றி வெயிலில் வைத்தால் எண்ணெயில் மெல்ல ஊதா இறங்கும். நாலைந்து நாளில் நாவல்பழச் சாறு மாதிரி ஆகிவிடும். அவுரியில் இருக்கிற நீலச் சாயம் இந்த இலையிலும் உண்டு என்பது பிற்பாடு தெரிந்துகொண்டது. சித்த மருத்துவத்தில் காளாஞ்சகப்படைக்கு, அதாவது சொரியாசிஸுக்கு, பேர்போன எண்ணெய் இது. முதல் பாட்டில் ஊதாவான அன்றே நான் பாதி வைத்தியராகிவிட்டேன்.

மீதிப் பாதியை ஒரு விளம்பரம் முடித்துவைத்தது. முகச் சுருக்கத்துக்கு 'பாகுச்சியோல்' என்று ஒரு சீரம், சின்ன பாட்டிலுக்குப் பெரிய விலை. பாகுச்சி என்றால் நம் கார்போக அரிசிதான் என்று தெரிந்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் ஆயா அரைத்த குளியல் பொடியில் பாசிப்பயறு, பூலாங்கிழங்கு, கஸ்தூரி மஞ்சளோடு அதுவும் ஒரு கை இருக்கும். நாட்டு மருந்துக் கடையில் நூறு கிராம் வாங்கி ஒன்றிரண்டாக இடித்தேன். தேங்காயெண்ணெயில் போட்டு இரண்டு வாரம் மாடியில் வைத்தேன். அந்தக் கம்பெனிக்காரர்கள் விதையிலிருந்து ஒரே ஒரு சத்தைப் பிரித்தெடுத்து மற்றதையெல்லாம் விலக்கிவிடுகிறார்கள் என்பது எனக்கு அப்போது தெரியாது. நான் எதையும் விலக்கவில்லை.

ஜாக்கிரதையாக இல்லை என்று மட்டும் என்னைச் சொல்ல முடியாது. தண்ணீர் விஷயத்தில் நான் ரொம்பக் கறார். இலை ஈரமாக இருந்தால் எண்ணெயில் பூசணம் பிடிக்கும், சீக்கிரமே சிக்கு வாடை வந்துவிடும். ஆகவே இலையை நிழலில் துவள விடுவேன். பாட்டிலைக் கழுவி ஒரு நாள் முழுக்கக் கவிழ்த்து உலர்த்துவேன். வடிகட்டியபின் திரியை எண்ணெயில் முக்கிக் கொளுத்திப் பார்ப்பேன். படபடவென்று வெடித்தால் தண்ணீர் இருக்கிறது, மறுபடி சூடு காட்ட வேண்டும். இந்தக் கார்போக எண்ணெயிலும் திரி சத்தமே போடாமல் எரிந்தது. பெருமையோடு ஐந்து பாட்டில்களில் ஊற்றி ஐந்து பேருக்குக் கொடுத்தேன்.

அந்த வருஷம் மாசி மகத்துக்கு மாமல்லபுரம் போனோம். பௌர்ணமியன்று இருளர்கள் அந்தக் கடற்கரையில் கூடுவார்கள். மணலில் சேலையையும் தார்ப்பாயையும் தடுப்பாகக் கட்டி இரவு தங்கி, விடியும்போது அலையோரம் மணலிலேயே படி கட்டிக் கன்னியம்மனைக் கும்பிடுவார்கள். கல்யாணம், மொட்டை, காதுகுத்து எல்லாம் அங்கேயே நடக்கும். அதைப் பார்க்க வேண்டுமென்று அக்கா மகள் ஆசைப்பட்டாள். வண்டியில் ஏறும் முன் அவள் கொண்டையைத் தூக்கிப் பிடிக்க, "கறுத்துடப் போறே" என்று நான்தான் பின்கழுத்தில் எண்ணெயை இழுத்துவிட்டேன். நண்பகல் வரை மணலில் இருந்தோம்.

அன்று ஒன்றுமில்லை. மறுநாள் லேசான எரிச்சல். மூன்றாம் நாள் கொப்பளம். அக்கா போனில், "நீ குடுத்த எண்ணெயா இருக்குமோடி?" என்றாள். இங்கேதான் நான் என் தப்பை ஒப்புக்கொள்ள வேண்டும். இறால் வறுவல் என்றேன். உப்புத் தண்ணீர் என்றேன். புதுச் சங்கிலி என்றேன். "மத்த நாலு பேருக்கு ஒண்ணும் ஆகலையே" என்று வாதாடினேன். இன்னும் இரண்டு நாள் கழித்துத்தான் டாக்டரிடம் போனோம்.

அந்த நாலு பேரும் ராத்திரி தடவிக்கொண்டு காலையில் சோப்புப் போட்டுக் குளித்தவர்கள். எண்ணெயோடு வெயிலுக்குப் போனவள் இவள் ஒருத்திதான். கார்போக அரிசியில் சோராலென் என்று ஒரு சத்து இருக்கிறது, அது தோலில் சும்மா கிடக்கும், சூரியனின் புற ஊதாக் கதிர் பட்டால்தான் வேலையைக் காட்டும், தோலைச் சுட்டுவிடும் என்றார் டாக்டர். இது அலர்ஜி இல்லையாம், யாருக்கும் வரலாமாம். இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் உச்சத்துக்கு வருமாம். அதனால்தான் பழி இறாலுக்குப் போனது.

எனக்கு உறைத்தது வேறு ஒன்று. இது புது விஷயமே இல்லை. வெண்புள்ளிக்குக் கார்போக அரிசியைப் பூசி, அளவாக வெயில் காட்டுவது நம் வைத்தியத்தில் பழைய முறை. வெயிலுக்காகவே பூசுகிற மருந்து அது! எகிப்தில் நைல் கரைச் செடி ஒன்றின் விதையிலிருந்து எடுத்த இதே இனத்துச் சத்தை 1948இல் எல் மொஃப்தி என்ற மருத்துவர் வெண்புள்ளிக்குக் கொடுத்துப் பார்த்தார். 1974இல் அமெரிக்காவில் சொரியாசிஸுக்கு அதையே மாத்திரையாகக் கொடுத்து விளக்கொளி காட்டினார்கள். எல்லா இடத்திலும் வெளிச்சத்துக்கு ஒரு கணக்கு இருந்தது. நான் காட்டியது மாமல்லபுரத்து மாசி வெயில், விடிந்ததிலிருந்து நண்பகல் வரை. ஆயா செய்தது கழுவிவிடுகிற பொடி, தோலில் இரண்டு நிமிஷம். நான் அதையே ஒட்டிக்கொள்கிற எண்ணெயாக்கி, ஆயாவின் பேரைச் சொல்லிக் கொடுத்தேன்.

பாட்டில்களைத் திரும்பக் கேட்க வெட்கமாக இருந்தது. கேட்டேன். மூன்று வந்தன; ஒருவர் தீர்ந்துவிட்டது என்றார். கழுத்துக் கோடுகள் மறைய ஏழு மாதம் ஆயிற்று. அதுவரை அவள் தலையை வாரி முடியவில்லை.

இப்போதும் மாடியில் பாட்டில் உண்டு, வெட்பாலை மட்டும். அதுவும் மரத்தை அடையாளம் தெரிந்தவரைக் கேட்டுத்தான். பாலை என்று பேர் வைத்த மரங்கள் பல, பால் வடிகிற அரளி வேறு இருக்கிறது. புது எண்ணெயை முழங்கை மடிப்பில் துளி தடவி இரண்டு நாள் பார்ப்பேன். பச்சைக் குழந்தைக்குக் கொடுப்பதில்லை. வெடித்த தோலிலும் நீர் வடிகிற புண்ணிலும் வைப்பதில்லை. வாசனைக்காக எலுமிச்சைத் தோல், நாரத்தைத் தோல் போடுவதையும் விட்டுவிட்டேன். அவற்றிலும் இதே குணம் உண்டு.

டாக்டர் அன்று, "எதில் செய்தீர்கள், காட்டுங்கள்" என்று கேட்டபோது என் கையில் இருந்தது பெயரில்லாத ஒரு காகிதப் பொட்டலம். என்ன வாங்கினேன் என்று ஞாபகத்திலிருந்துதான் சொன்னேன். நாட்டு மருந்துக் கடைக்குப் போனால் ஒவ்வொரு பொட்டலத்தின் மேலும் சரக்கின் பெயரையும் தேதியையும் எழுதித் தரச் சொல்லுங்கள். கூட்டமாக இருந்தாலும் கொஞ்சம் நின்று வாங்குங்கள்.