கவினின் கோடை

அன்புத் தம்பி முரளிக்கு,

நேற்று ராத்திரி நீ போனில் சொன்னதிலிருந்து எனக்கு மனசு சரியில்லை. போனில் உன்னோடு வாதாட என்னால் முடியாது. பேசிப் பேசியே என் வாயை அடைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். படித்துவிட்டுப் பானுவிடமும் கொடு.

ஜூனில் தொடங்கி ஆகஸ்ட் வரை வாரம் தவறாமல் பேஸ்பால் டோர்னமென்ட், நடுநடுவே காலேஜ் கோச்சுகளிடம் ஆட்டத்தைக் காட்டுகிற ஷோகேஸ், ஊர் டீமிலிருந்து கவினை நிறுத்திவிடுவது. இதுதானே உன் திட்டம்? ஏன்டா, பிள்ளை இன்னும் ஒன்பதாம் வகுப்பையே முடிக்கவில்லை. அதற்குள் யாரிடம் காட்ட இத்தனை அவசரம்? பதினோராம் வகுப்பு தொடங்குவதற்கு முந்தின ஆகஸ்ட் 1 வரை டிவிஷன் ஒன் கோச் யாரும் அவனுக்குப் போன் செய்யக் கூடாது, மெசேஜ் அனுப்பக் கூடாது என்று காலேஜ் விளையாட்டுகளை நடத்துகிற என்சிஏஏவின் விதியே இருக்கிறது. அதற்கு இன்னும் ஒரு வருஷத்துக்கு மேல் கிடக்கிறது. இப்போதே பார்த்துப் பேரைக் குறித்துக்கொள்வார்கள் என்கிறாய். குறிக்கட்டும். மீசை அரும்பிக்கொண்டிருக்கிற பையன், போன தீபாவளிக்கு எடுத்த சட்டை இந்தப் பொங்கலுக்கே பிடித்துவிட்டது என்று பானு சொன்னாள். இன்றைக்கு அவனைப் பற்றி எழுதின குறிப்பு அவன் பதினோராம் வகுப்புக்கு வரும்போது எதற்கு ஆகும்?

ஷோகேஸே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஷோகேஸ்களை நடத்துகிற பெர்ஃபெக்ட் கேம் பிறந்ததே நாங்கள் இருக்கிற இந்த சீடர் ராப்பிட்ஸில்தான். 1993இல் ஜெர்ரி ஃபோர்ட் தொடங்கினார். ஏப்ரலில்கூடப் பனி கொட்டுகிற ஊர் இது. அமெரிக்காவிலேயே அயோவாவில் மட்டும்தான் பள்ளிக்கூட பேஸ்பால் கோடையில் நடக்கிறது. மற்ற மாநிலத்துப் பிள்ளைகள் கோடையில் ஊர் ஊராகப் போய் ஆடும்போது எங்கள் பிள்ளைகள் பள்ளி டீமுக்கு ஆடிக்கொண்டிருப்பார்கள். சோளக்காட்டுக்கு நடுவே ஒரு பையன் எவ்வளவு வேகமாக வீசினாலும் வெளியே தெரியாது. அப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு ஷோகேஸ் பெரிய உதவி. காலேஜ் கோச்சுகளுக்கும்தான்: ஊர் ஊராகக் கார் ஓட்டாமல் ஒரே இடத்தில் நூற்றுக்கணக்கான பையன்களைப் பார்த்துவிடலாம். 1925இல் சவுத் டகோட்டாவின் மில்பேங்கில் தொடங்கிய அமெரிக்கன் லீஜன் பேஸ்பால் என்கிற ஊர் லீக் இன்னும் நடக்கிறது. ஆனால் ஊர் லீக் ஆட்டத்துக்குக் கோச்சுகள் தேடி வந்த காலம் பெரும்பாலும் போய்விட்டது. இதெல்லாம் எனக்கும் தெரியும்.

ஆனால் நீ இருப்பது ஜார்ஜியாவில். எமர்சனில் இருக்கிற லேக்பாயின்ட் மைதானங்கள் உன் வீட்டிலிருந்து முக்கால் மணி நேரம். நாடு முழுக்க இருக்கிற குடும்பங்கள் விமானம் ஏறி, ஹோட்டல் எடுத்து டோர்னமென்டுக்காக அங்கே வருகின்றன. கவின் தயாராகிற வருஷம் நீ காலையில் காபி குடித்துவிட்டுக் கூட்டிக்கொண்டு போகலாம்.

எனக்கு உண்மையான பயம் அவன் கையைப் பற்றித்தான். மேஜர் லீக்கும் யுஎஸ்ஏ பேஸ்பாலும் சேர்ந்து வெளியிட்ட பிட்ச் ஸ்மார்ட் வழிமுறையை உனக்கு அனுப்பினேனே, படித்தாயா? 15, 16 வயசுக்கு ஒரு நாளைக்கு 95 பந்துக்கு மேல் கூடாது. 76 பந்தை எட்டினால் நாலு நாள் ஓய்வு. வருஷத்தில் நாலு மாதமாவது பிட்சிங் போட்டியே கூடாது. அதில் இரண்டு மூன்று மாதம் தொடர்ச்சியாகக் கையைத் தலைக்கு மேல் தூக்கி எறிவதே கூடாது. ஒரே சமயத்தில் பல டீமுக்கு வீசக் கூடாது. உன் திட்டத்தை எடுத்துப் பார்: பிப்ரவரியிலிருந்து மே வரை பள்ளி, கோடை முழுக்க டோர்னமென்ட், செப்டம்பர் அக்டோபரில் ஃபால் பால், குளிர்காலத்தில் வேகம் கூட்டும் பயிற்சி. அந்த நாலு மாதத்தை எங்கே வைத்திருக்கிறாய்?

2007 முதல் 2011 வரை இந்த நாட்டில் நடந்த டாமி ஜான் அறுவை சிகிச்சைகளை ஆராய்ந்தபோது, பாதிக்கு மேல் 15 முதல் 19 வயசுப் பிள்ளைகளுக்குச் செய்ததாகத் தெரியவந்தது. முழங்கையில் அறுந்துபோன தசைநாருக்குப் பதிலாக வேறு இடத்திலிருந்து எடுத்துக் கட்டுகிற சிகிச்சை அது. 2024 டிசம்பரில் மேஜர் லீக்கே ஓர் அறிக்கை வெளியிட்டது. டாக்டர்கள், கோச்சுகள், பிட்சர்கள் என்று 200க்கும் மேற்பட்டவர்களிடம் பேசி எழுதினது. எல்லோரும் வேகத்தைத் துரத்துவதும் ஒவ்வொரு பந்தையும் முழு பலத்தோடு எறிவதும்தான் காயங்களுக்குப் பெரிய காரணம் என்கிறது. பெர்ஃபெக்ட் கேமின் தேசிய ஷோகேஸில் 2018இல் 95 மைல் வேகத்தைத் தொட்டவர்கள் 5 பேர். 2024இல் 36 பேர். பள்ளிக்கூடப் பிள்ளைகள் முரளி! ரேடார் கன்னுக்கு முன்னால் ஓரிரண்டு இன்னிங்ஸ் மட்டும் வீசப் போகிற பையன் கையில் ஏன் எதையும் மிச்சம் வைத்துக்கொள்ளப் போகிறான்?

நீ காலேஜ் கிரிக்கெட் லீகில் ஃபாஸ்ட் பவுலிங் போட்ட வருஷத்தை நினைத்துப் பார். ராத்திரி தோளைப் பிடித்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருப்பாய். அம்மா தைலம் தேய்ப்பாள், நான் வெந்நீர் வைத்துக் கொண்டுவருவேன். வலிக்கிறது என்று கேப்டனிடம் சொல்லடா என்று அப்பா கெஞ்சியும் நீ சொல்லவில்லை. கவின் உன் பிள்ளை. அவனும் சொல்ல மாட்டான்.

ஊர் லீகில் என்ன இருக்கிறது என்று கேட்டாயே. ஆட்டம் இருக்கிறது. அதே பேட்ஸ்மேன் மூன்றாவது தடவை எதிரே வந்து நிற்பான், கவினுடைய பந்தெல்லாம் அவனுக்குப் பழகியிருக்கும். அப்போது வேகம் மட்டும் வைத்துக்கொண்டு என்ன செய்ய முடியும்? மூன்று பேஸிலும் ஆள் நிற்கும்போது, ஷார்ட்ஸ்டாப் பந்தை நழுவவிட்ட பிறகு, அவன் முகத்தைப் பார்த்துக் கோபப்படாமல் அடுத்த பந்தை வீச வேண்டும். பன்ட் அடித்தால் ஓடிப்போய் எடுக்க வேண்டும். தோற்றுப்போன டீமோடு வேனில் வீடு திரும்பி, இரண்டு நாள் கழித்து அதே பிள்ளைகளோடு மறுபடி ஆட வேண்டும். நீ சேர்க்கப் போகிற டீமில் பிட்சர்களே ஏகப்பட்ட பேர். வெள்ளிக்கிழமை போய் இரண்டு இன்னிங்ஸ் வீசுவான், ஞாயிறு வரை பெஞ்சில் உட்காருவான். பக்கத்தில் இருக்கிறவன் பேர்கூடத் தெரியாது.

என் பிள்ளை அருணைப் பார்த்தாயல்லவா? அவன் பெரிய ஆட்டக்காரன் இல்லை. அவன் பள்ளியில் படித்தபோது ஜூலையில் ஓர் ஆட்டத்துக்கு ஒரு சின்னக் காலேஜின் உதவி கோச் வந்திருந்தார். அன்றைக்கு அருண் ஹோம் ரன் கொடுத்தான். அடுத்த பேட்ஸ்மேனை அவன் எப்படி எதிர்கொண்டான் என்பதைத்தான் பார்த்தேன் என்று பிறகு அவர் எங்களிடம் சொன்னார். அந்தக் காலேஜிலேயே சேர்ந்தான். அது டிவிஷன் த்ரீ, அங்கே விளையாட்டுக்கென்று ஸ்காலர்ஷிப் கிடையாது. மார்க்குக்குக் கிடைத்த உதவியில்தான் படிக்கிறான். இப்போது மூன்றாம் வருஷம். வாரம் ஒரு தடவை போன் செய்தால் பாதி நேரம் டீம் பேச்சுதான்.

ஸ்காலர்ஷிப் கணக்கையும் சொல்லிவிடுகிறேன், நீ அதைத்தான் பெரிதாகச் சொல்கிறாய். பள்ளியில் பேஸ்பால் ஆடுகிறவர்களில் நூற்றுக்கு ஏழு பேர் அளவில்தான் என்சிஏஏ காலேஜ் டீம்களுக்குப் போகிறார்கள். டிவிஷன் ஒன் என்றால் இரண்டு மூன்று பேர். முன்பு ஒரு டிவிஷன் ஒன் டீமுக்கு மொத்தமே 11.7 ஸ்காலர்ஷிப், அதை 27 பேர் வரை பங்கு போட்டார்கள். 2025இல் நீதிமன்றம் ஏற்ற உடன்பாட்டுக்குப் பிறகு, அதில் சேர்ந்த காலேஜ்களுக்கு அந்த வரம்பு போய், டீமில் 34 பேருக்கு மேல் கூடாது என்று வந்திருக்கிறது. அந்த இடங்களுக்கும் வேறு காலேஜிலிருந்து மாறி வருகிற 21, 22 வயசுக்காரர்களோடு கவின் போட்டி போட வேண்டும். உங்கள் ஜார்ஜியாவில் ஜெல் மில்லர் ஸ்காலர்ஷிப் இருக்கிறதே! 3.7 ஜிபிஏவும் தேவையான எஸ்ஏடி மார்க்கும் இருந்தால் மாநில அரசுக் காலேஜில் டியூஷன் முழுதும் கிடைக்கும். ஜார்ஜியா டெக் உட்பட. வாரக்கடைசி எல்லாம் மைதானத்தில் போனால் அவன் அல்ஜிப்ராவை எப்போது படிப்பான்?

இந்தக் கோடையில் ஊர் டீமிலேயே ஆடட்டும். எத்தனை பந்து வீசினான் என்று ஒவ்வொரு ஆட்டத்துக்கும் நீயே நோட்டில் எழுது, கோச்சை நம்பி விடாதே. நவம்பரிலிருந்து கைக்கு ஓய்வு கொடு. பத்தாம் வகுப்பு முடிந்ததும் அவனையே உட்காரவைத்து, பேஸ்பால் இல்லாவிட்டாலும் படிக்க ஆசைப்படுகிற காலேஜ்களின் பேரை எழுதச் சொல். அந்தக் கோச்சுகளுக்கு அவன் கைப்பட ஈமெயில் போகட்டும், நீ எழுதிக் கொடுக்காதே. யார் எந்த டோர்னமென்டுக்கு வருகிறார்கள் என்று தெரிந்த பிறகு ஒன்றோ இரண்டோ ஷோகேஸுக்கு அனுப்பு. அந்தச் செலவில் பாதியை நானே தருகிறேன், அத்தான் சம்மதித்துவிட்டார்.

இன்னொன்று. போன வாரம் கவின் என்னோடு தனியாகப் பேசினான். "அத்தை, எங்க டீம்ல எல்லாரும் மூணாம் வகுப்புலேர்ந்து ஃப்ரெண்ட்ஸ்" என்று மட்டும் சொன்னான். அதற்கு மேல் உன்னைப் பற்றி ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. நான் சொன்னதாக அவனிடம் கேட்காதே. சாதாரணமாக, சாப்பிடும்போது, இந்தக் கோடையில் உனக்கு என்ன ஆசை என்று கேள். பதில் சொல்ல நேரம் கொடு. நீ குறுக்கே பேசிவிடுவாய், எனக்குத் தெரியும்.

அந்த டீமுக்கு அட்வான்ஸ் கட்ட இந்த வெள்ளிக்கிழமை கடைசி நாள் என்றாய். அதற்கு முன்னால் கேட்டுவிடு. லீக் முடிந்ததும் ஆகஸ்ட் முதல் வாரம் நாலு பேரும் இங்கே வாருங்கள். எங்கள் ஊர் பேஸ்பால் டீம் கெர்னல்ஸ் ஆட்டத்துக்கு அத்தான் டிக்கெட் எடுக்கிறேன் என்கிறார். பானுவுக்குப் பிடித்த நார்த்தங்காய் ஊறுகாய் போட்டு வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
அக்கா