ஏவலும் பொருளும்

இலக்கியம் பேசும் இடத்தில் கணினி நிரலைப் பற்றிப் பேசப் புகுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். சிலருக்கு எரிச்சலூட்டவும் கூடும். தமிழ் முதுகலை முடித்து, விரிவுரையாளர் பணிக்குக் காத்திருந்த ஆண்டுகளில் விழுப்புரத்துக் கணினிப் பயிற்சி மையமொன்றில் மாலை வேளைகளில் சி மொழி கற்பித்துப் பிழைத்தவர்களுள் நாமும் ஒருவர். அந்நாளில் பட்டத்தோடு கணினிப் பட்டயமும் ஒன்று இருந்தால் நல்லது என்று ஊரே சொல்லிற்று. நாமும் வாங்கி வைத்தோம். பின்னர் திண்டிவனத்தில் தமிழ் கற்பிக்க வந்தபின் அதை மறந்தே போனோம். மறந்ததை நினைவூட்டியவர், அந்த மையத்தில் நம்மிடம் பயின்ற பழைய மாணவர் ஒருவர்.

அவரும் விழுப்புரத்தவர். திண்டிவனத்தில், அரிசி ஆலைகளுக்கும் தானிய மண்டிகளுக்கும் கணக்கு மென்பொருள் எழுதித் தரும் சிறு நிறுவனமொன்றில் வேலை. ஃபாக்ஸ்புரோவில் பதினைந்து ஆண்டுகள் எழுதியவர். அதன் கடைசிப் பதிப்புக்கு மைக்ரோசாஃப்ட் அளித்துவந்த ஆதரவு 2015இலேயே நின்றுவிட்டது; ஆயினும் நம் பகுதியின் மண்டிகளில் அது மூச்சு விட்டுக்கொண்டுதான் இருந்தது. இனி எல்லாம் ஜாவாவில்தான், ஆறு மாதத்தில் மாற்றிக்கொள்ளாதவர் வேறு இடம் பார்த்துக்கொள்ளலாம் என்று நிறுவனம் சொல்லிவிட்டது. நாற்பதை நெருங்கும் வயதில், வீட்டுக்கடனோடு, வேறு இடம் எங்கே பார்ப்பது? ஒருநாள் பேருந்தில் நம் பக்கத்தில் வந்து அமர்ந்தார். அக்காள் மகளின் பதினொன்றாம் வகுப்புப் பாடநூல் கையில் இருந்தது. "ஐயா, இதுல இனக்குழு இனக்குழுன்னு போட்டிருக்காங்களே, அது என்னங்க ஐயா? தமிழ்தானே, நீங்க சொல்லுங்க" என்றார்.

கேள்வி நம்மைத் தைத்தது. தமிழ்வழிப் பாடநூல் 'கிளாஸ்' என்பதை இனக்குழு என்கிறது, 'ஆப்ஜெக்ட்' பொருள், 'இன்ஹெரிட்டன்ஸ்' மரபுரிமம், 'பாலிமார்பிசம்' பல்லுருவாக்கம். மற்றவை இருக்கட்டும், இனக்குழு என்ற சொல்லை நாம் சங்க இலக்கிய வகுப்பில் அன்றாடம் புழங்குகிறோம். வேட்டுவர், எயினர், ஆயர் என்று கூடி வாழ்ந்த மக்கள் திரள் அது. குழு என்றாலே பலர் சேர்ந்தது. ஆகவே நம் மாணவரும், இனக்குழு என்றால் பல பொருள்கள் அடங்கிய பட்டியல் என்றே எண்ணியிருந்தார். அவர்மேல் பிழையில்லை, சொல் அப்படித்தான் இழுக்கிறது. உண்மையில் அது திரள் அன்று, அச்சு. விழுப்புரத்தைச் சுற்றியுள்ள சூளைகளில் செங்கல் அறுக்கும் மரச்சட்டத்தைப் பார்த்தவர்க்கு இது எளிது. சட்டம் ஒன்று, கற்கள் ஆயிரம். சட்டத்தை எடுத்துச் சுவர் கட்ட முடியாது. கல்லைக் கொண்டு இன்னொரு கல்லை வார்க்கவும் முடியாது. 'வகுப்பு' என்று எழுதுவோரும் உண்டு. நம் நாட்டில் அச்சொல் பள்ளியறையையும் சாதிச் சான்றிதழையும் ஒருசேர நினைவூட்டுவதால் அதையும் நாம் விரும்புவதில்லை. இக்கட்டுரையில் அச்சு என்றே வழங்குவோம்.

அவர் எழுதியிருந்த ஜாவா நிரலை மடிக்கணினியில் காட்டினார். ஒரே ஒரு அச்சு. அதனுள் நாலாயிரம் வரி. எல்லாச் செயற்கூறுகளும் 'ஸ்டாட்டிக்' என்ற அடைமொழியோடு. அதாவது அச்சிலிருந்து ஒரு கல்கூட வார்க்கப்படவில்லை. ஜாவா உடுத்திய ஃபாக்ஸ்புரோ. இது வேலையும் செய்தது என்பதுதான் சிக்கல். செயல்முறை மொழிகளில் ஊறியவர் பொருள்நோக்கு மொழிக்கு வந்தால் முதலில் செய்வது இதைத்தான், மொழி தடுப்பதில்லை. நெல், மல்லாட்டை, உளுந்து ஆகிய மூன்றுக்கும் எடைக்கழிவு வேறு வேறு: ஒன்றில் ஈரம் பார்க்க வேண்டும், ஒன்றில் தோல், ஒன்றில் தூசி. 'சரக்கு நெல் எனில் இப்படி, மல்லாட்டை எனில் அப்படி' என்ற கிளைப்பிரிப்பு அந்நிரலில் 17 இடங்களில் வந்தது. கொள்முதலில் ஒருமுறை, ரசீதில் ஒருமுறை, மாத அறிக்கையில் ஒருமுறை. எள் என்ற நான்காம் சரக்கு வந்தபோது 16 இடங்களில் சேர்த்தார், ஒன்று விடுபட்டது. ஒரு வியாபாரியின் கிடங்கில் இருப்பு கழித்தல் குறியோடு வந்து நின்றது. அன்றிரவு பதினொரு மணிவரை மண்டியில் உட்கார்ந்திருந்ததாகச் சொன்னார்.

இங்கேதான் நமக்கு இலக்கணம் கைகொடுத்தது. வந்தான், வந்தாள், வந்தது என்ற முற்றுகளைப் பாருங்கள். இவற்றைச் சொல்லுமுன், வந்தது ஆடவனா, பெண்ணா, ஆவா என்பதைச் சொல்பவர் அறிந்திருக்க வேண்டும். திணையும் பாலும் வினையின் ஈற்றிலேயே வந்துவிடுகின்றன. 'வா' என்ற ஏவலுக்கு அந்தச் சுமை இல்லை. மகனையும் 'வா' எனலாம், மகளையும் 'வா' எனலாம், கன்றுக்குட்டியையும் 'வா' எனலாம். (மரியாதைக்கு 'வாருங்கள்' ஆகுமேயன்றித் திணை, பால் அதில் தோன்றா.) தொல்காப்பியர் முன்னிலை வினையை இருதிணைக்கும் பொதுவான விரவுவினையில் வைத்ததும் இதனாலேயே. நடந்து வருவதோ, துள்ளி வருவதோ, வாலைத் தூக்கிக்கொண்டு ஓடி வருவதோ கேட்பவர் பாடு. செயல்முறை நிரலர் படர்க்கையில் எழுதுகிறார்: எது வந்தது என்று தானே ஆராய்ந்து, அதற்கேற்ற ஈற்றைத் தானே ஒட்டுகிறார். பொருள்நோக்கு நிரலர் முன்னிலையில் ஏவுகிறார். 'சரக்கே, உன் கழிவைச் சொல்' என்ற ஒரே வரி. நெல் தன் முறையில் சொல்லும், எள் தன் முறையில் சொல்லும். பல்லுருவாக்கம் என்று பாடநூல் அச்சுறுத்துவது இவ்வளவே.

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். பேருந்து அப்போது விக்கிரவாண்டிச் சுங்கச்சாவடியில் நின்றிருந்தது.

இந்தச் சிந்தனை பிறந்த இடமும் மண்டிக்குத் தொலைவானதன்று. 1960களில் ஆஸ்லோவில், நார்வே கணிப்பு மையத்தில், ஓலே-யோஹான் டால், கிறிஸ்டன் நைகார்ட் என்னும் இருவர் சிமுலா மொழியை ஆக்கினர். வரிசையில் காத்திருத்தல், வந்து சேர்தல், பணி முடித்து வெளியேறுதல் போன்ற உலக நிகழ்வுகளைக் கணினிக்குள் நடித்துப் பார்ப்பதே அவர்களது நோக்கம். நடிப்பதற்குப் பாத்திரங்கள் வேண்டும். பாத்திரம் தன் நிலையைத் தானே நினைவில் வைத்துத் தன் செயலைத் தானே செய்ய வேண்டும். அவ்வழி வந்தவையே சிமுலா 67இன் அச்சும் பொருளும் மரபுரிமமும். அவ்விருவருக்கும் 2001ஆம் ஆண்டின் டூரிங் விருது கிடைத்தது. 2002இல் சில வார இடைவெளியில் இருவரும் மறைந்தனர். சிமுலாவில் பழகிய பியார்ன் ஸ்ட்ரூஸ்ட்ரப் 1979இல் பெல் ஆய்வகத்தில் சி மொழியோடு அச்சுகளை இணைக்கத் தொடங்கினார்; 1983இல் அதற்கு சி++ என்ற பெயர் வந்தது. 'பொருள்நோக்கு' என்ற பெயரை வழக்கில் கொணர்ந்த ஆலன் கே, பின்னாளில் பொருளைவிடப் பொருள்கள் தமக்குள் அனுப்பிக்கொள்ளும் செய்தியே முதன்மை என்று வற்புறுத்தினார். நம் மொழியில் தூது என்க. அவர் சொற்படி பார்த்தால், பொருளை முன்னிறுத்தும் பெயரே சற்றுத் திசைதிருப்புவதுதான். தமிழில் பொருள் என்பது பண்டத்தையும் சொல்லின் அர்த்தத்தையும் செல்வத்தையும் குறித்து நின்று குழப்பத்தைக் கூட்டுகிறது.

அடுத்த நாள் அவர் வேறொரு ஐயத்தோடு வந்தார். "சரிங்க ஐயா, ஆனா இருப்பை ஏன் ஒளிச்சு வைக்கணும்? என் நிரல்தானே, நான்தானே பார்க்கிறேன்?" நியாயமான கேள்வி. ஃபாக்ஸ்புரோவில் அவர் 'இருப்பு' என்ற மாறியைப் பொதுவில் வைத்திருந்தார். எந்தச் செயற்கூறும் அதைத் தொடலாம். ஏரிக்கரையில் நினைத்தவரெல்லாம் மதகைத் திறந்தால் கடைமடைக்கு என்ன ஆகும் என்று கேட்டோம். அவர் குடும்பம் ஏரிப்பாசனக் குடும்பம். மேலும் விளக்கத் தேவைப்படவில்லை. இருப்பைத் தொடும் உரிமை கிடங்கு என்ற பொருளுக்கு மட்டும். பிறர் 'எடு', 'சேர்' என்று கேட்கலாம். இருப்பதற்கு மேல் கேட்டால் கிடங்கு மறுக்கும். கழித்தல் குறி அன்றிரவே மண்டியில் தெரிந்திருக்காது. எழுதிய மேசையிலேயே தெரிந்திருக்கும். அகப்பாடல் தலைவியைத் தோழிவழி அணுகுவதை உவமை சொல்ல நமக்கு நா துடித்தது, அடக்கிக்கொண்டோம். அவ்வுவமையில் தோழிக்கு இருக்கும் அறிவும் குறும்பும் எந்தச் செயற்கூறுக்கும் கிடையாது.

பயிற்சிக்குப் பேருந்தையே எடுத்துக்கொண்டோம். விழுப்புரம் அரசுப் போக்குவரத்துக் கழகம் ஒன்றின் தலைமையிடமல்லவா, எடுத்துக்காட்டுக்குப் பஞ்சமில்லை. 2021 மே மாதம் தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மகளிர்க்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தது. பயணச்சீட்டு நிரலொன்றை நாமே எழுதியிருந்ததாகக் கற்பனை செய்வோம். 'நகரப் பேருந்தாகவும் பயணி பெண்ணாகவும் இருப்பின் கட்டணம் சுழி' என்று சீட்டு அச்சிடுமிடம், நாட்கணக்கு, மாதக்கணக்கு எங்கும் திருத்தியிருப்போம். சில வாரங்களிலேயே அச்சலுகை திருநங்கையருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் விரிந்தது. மீண்டும் எல்லா இடமும்! இதையே ஏவலாக எழுதிப் பார்க்குமாறு சொன்னோம். சீட்டு எழுதுமிடம் 'பேருந்தே, இப்பயணிக்குக் கட்டணம் சொல்' என்பதோடு நிற்கும். நகரப் பேருந்து பயணியிடம் 'உனக்குச் சலுகை உண்டா' என்று கேட்கும். 'நீ ஆணா பெண்ணா' என்று கேட்காது. நாங்கள் அமர்ந்திருந்த திண்டிவனம் வண்டி அந்தக் கேள்வியையே கேட்காது. முதல் அறிவிப்புக்கு நகரப் பேருந்தும் பயணியும் மாறும். இரண்டாம் அறிவிப்புக்குப் பயணி மட்டும்.

மரபுரிமத்தில்தான் அவர் மிகையாகப் போய்விட்டார். புதிதாகக் கற்ற எவரும் போவதுண்டு. சரக்கிலிருந்து தானியம், தானியத்திலிருந்து நெல், நெல்லிலிருந்து பொன்னி, பொன்னியிலிருந்து பழைய பொன்னி என்று ஐந்து தலைமுறைக்குக் குலமரபு எழுதிவந்தார். பொன்னிக்கும் மற்ற நெல்லுக்கும் நடத்தையில் என்ன வேறுபாடு என்று கேட்டால், விலை. விலை ஒரு மதிப்பு; அதற்குத் தனி அச்சு எதற்கு? விலங்கிலிருந்து நாய், நாயிலிருந்து குட்டி என்று கற்பிக்கும் பாடநூல் எடுத்துக்காட்டுகளைத்தான் நாம் குறை சொல்வோம். உயிரியல் வகைபிரித்தலை அவை நிரலாக்கம் என்று காட்டிவிடுகின்றன. 2009இல் வெளியான கோ மொழி, அச்சுக்கு அச்சு மரபுரிமம் கொடுக்கும் ஏற்பாட்டையே விட்டுவிட்டது. அதனால் அம்மொழி நொண்டவில்லை. அதுபோலவே, பத்து நிமிட வேலைக்கான சிறு நிரலைச் செயல்முறையாக எழுதுவதும் குற்றமன்று. இரண்டு எண்ணைக் கூட்ட 'கூட்டுநர்' என்றொரு பொருளைப் படைப்போரைக் கண்டிருக்கிறோம்.

ஐந்தாம் மாத இறுதியில் அவர் அந்த நாலாயிரம் வரியை 11 அச்சுகளாகப் பிரித்து முடித்தார். முன்னைவிட வரிகள் குறையவில்லை, சற்றுக் கூடவே செய்தன. கம்பு என்ற ஐந்தாம் சரக்கைச் சேர்க்க நிறுவனம் சொன்னபோது புதிய அச்சு ஒன்றை எழுதினார். பழைய கோப்புகளில் ஒன்றை மட்டுமே திறக்க வேண்டியிருந்ததாம் — சரக்கின் பெயரைக் கொண்டு உரிய பொருளை வார்க்கும் இடம். அங்கே மட்டும் 'கம்பு எனில்' என்ற கிளைப்பிரிப்பு இன்னும் இருக்கிறது. அதையும் ஒழிக்க வழியுண்டா என்று நேற்று கேட்டார். உண்டு, ஆனால் யாராவது ஒருவர் ஓரிடத்திலாவது பெயரைச் சொல்லித்தான் அழைக்க வேண்டும் என்றோம். முண்டியம்பாக்கம் தாண்டும்வரை அதை ஒப்புக்கொள்ளாமல் வாதிட்டுக்கொண்டே வந்தார்.