ஆயில் குடிக்கிற கார்

நம்ம கார் 2 லட்சம் கிலோமீட்டர் தாண்டிடுச்சு. இப்போ ஆயில் குடிக்குது. இன்ஜினை இறக்கணும்னு சொன்னாங்க. இறக்கினா செஞ்சி கமிட்டியில நெல் போட்ட காசு அதுக்கே சரியாப் போயிடும். அதனால முதல்ல புகையைக் கவனிச்சேன்.

காலையில ஸ்டார்ட் பண்ணும்போது மட்டும் நீலப்புகை வந்தா பெரும்பாலும் வால்வு சீல். அதை மாத்த இன்ஜினை இறக்கத் தேவையில்லை. ஆக்சிலேட்டர் மிதிக்க மிதிக்க வந்தா பிஸ்டன் ரிங். அது பெரிய செலவு. புகையே இல்லாம, நிறுத்தின இடத்துல சொட்டு இருந்தா கசிவு.

நம்மது காலைப் புகைதான். சீல் மாத்துற வரைக்கும் திண்டிவனமோ திருவண்ணாமலையோ கிளம்புறதுக்கு முன்னாடி, வண்டியைச் சமதளத்துல நிறுத்தி ஆயில் கம்பியை எடுத்துப் பார்க்கிறேன். குறைஞ்சிருந்தா ஊத்திட்டுத்தான் கிளம்புறது. ஆயில் இல்லாம ஓட்டினா பேரிங் போய் இன்ஜின் பிடிச்சுக்கும். அப்புறம் இறக்கித்தான் ஆகணும்.