கிளச் கத்தினால் காரை விற்க வேண்டுமா?

பழைய கார் வைத்திருக்கும் நம்மவர்களுக்காக இதை எழுதுகிறோம். குறிப்பாக, மொரிஸ் மைனர் வைத்திருப்பவர்கள் கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள்.

எங்கள் வீட்டு மைனர் வாப்பா வாங்கியது. வாப்பா மவுத்தான பிறகு பிள்ளைகள் நாங்கள் மூவரும் மாறி மாறி ஓட்டுகிறோம். மாவனல்லையிலிருந்து உம்மாவைக் கண்டிக்குக் கிளினிக் கூட்டிப் போவதும் அதில்தான். அண்மையில் கடுகண்ணாவை ஏற்றத்தில் லொறிகளுக்குப் பின்னால் ஊர்ந்து போகும்போது, கிளச் மிதிக்கும் ஒவ்வொரு தடவையும் இரும்பில் இரும்பு உரசுவது போல ஒரு சத்தம் வரத் தொடங்கியது.

காட்டிய முதல் கராஜில், "கியர்பொக்ஸ் முடிஞ்சு சேர், முழுசா இறக்கணும்" என்றார்கள். கேள்விப்பட்டு வீட்டுக்கு வந்த ஒருவர், சத்தத்தைக் கேட்டுவிட்டுப் பாதி விலைக்குக் கேட்டார். தம்பி கொடுத்துவிடலாம் என்றான். நானாவுக்கு மனமில்லை. உம்மா ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் அன்றிரவு சாப்பிடவும் இல்லை.

2020இல் நிறுத்திய வாகன இறக்குமதியை 2025இல் திறந்துவிட்டார்கள்தான். ஆனாலும் இன்றைய கார் விலை ஆசிரியர் சம்பளத்துக்கு எட்டுமா? இதைக் கொடுத்தால் இன்னொன்று வாங்க முடியாது என்பது மூவருக்கும் தெரியும்.

முதலில் அவதானம், பிறகுதான் முடிவு என்று வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். அதையே வீட்டு முற்றத்திலும் செய்து பார்த்தோம்.

காரை நியூட்ரலில் போட்டு, ஹேன்ட்பிரேக் இழுத்து, எஞ்சினை ஸ்டார்ட் பண்ணினோம். கிளச்சில் கால் இல்லை, சத்தமும் இல்லை. மெதுவாக மிதித்தோம். பெடல் சும்மா இறங்கும் தூரம் முடிந்து, காலுக்குக் கனக்கத் தொடங்கும் இடத்தில் சத்தம் பிடித்தது. முழுக்க மிதித்தால் கூடியது. காலை எடுத்ததும் நின்றது.

இதற்கு என்ன அர்த்தம்? நியூட்ரலில் கிளச்சை விட்டிருக்கும்போது கியர்பொக்ஸின் முன் ஷாப்ட் எஞ்சினோடு சேர்ந்து சுற்றும். அப்போது சத்தம் வந்து, மிதித்ததும் நின்றால் கியர்பொக்ஸைச் சந்தேகிக்கலாம். எங்களுக்கு நடந்தது அதற்கு நேர் எதிர். மிதித்தால் மட்டும் வரும் சத்தம் பெரும்பாலும் ரிலீஸ் பெயரிங்கின் சத்தம்.

இப்போதைய கார்களில் அந்த இடத்தில் உருண்டை வைத்த பெயரிங் இருக்கும். மைனரில் இருப்பது இரும்புக் கிண்ணத்தில் பதித்த ஒரு கரி வளையம். பென்சிலுக்குள் இருக்கும் கிராபைட் வகைதான். அது சுற்றாது. மிதிக்கும்போது முன்னே போய், சுற்றிக்கொண்டிருக்கும் பிரஷர் பிளேட்டில் அழுந்தும். கரிக்குத் தானாகவே வழுக்கும் குணம் உண்டு, அதனால் கிரீஸ் பூசக்கூடாது. தேய்வதற்கென்றே வைத்த சாமான் அது. கரி தேய்ந்து முடிந்தால் கிண்ணத்தின் இரும்பு போய் உரசும். அதன் பிறகும் ஓட்டிக்கொண்டே இருந்தால் பிரஷர் பிளேட்டும் கெட்டுவிடும்.

இதையெல்லாம் கேட்ட வயதான பாஸ் ஒருவர், தானும் ஒருமுறை மிதித்துப் பார்த்துவிட்டு, "கியர்பொக்ஸைத் தொடத் தேவையில்லை" என்றார். ரேடியேட்டரைக் கழற்றி, செயின் புளொக்கில் எஞ்சினைத் தூக்கினார். வெளியே வந்த பெயரிங்கில் ஒரு பக்கம் கரியே இல்லை, இரும்பு பளபளத்தது.

பெயரிங்கின் விலை பெரிதல்ல, எஞ்சினை இறக்கி ஏற்றும் கூலிதான் பெரிது. அதனால் கிளச் பிளேட், பிரஷர் பிளேட், பெயரிங் மூன்றையும் ஒன்றாகவே மாற்றினோம். சாமான் கிடைக்குமா என்று பயப்பட வேண்டாம். 1948இல் தொடங்கி 16 இலட்சத்துக்கு மேல் செய்த கார் இது. உற்பத்தி 1970களின் தொடக்கத்தில் நின்றாலும் இங்கிலாந்தில் இன்றும் புதுச் சாமான் விற்கிறார்கள். பஞ்சிகாவத்தையிலும் தேடிப் பாருங்கள்.

பாஸ் சொல்லித் தந்த மூன்று விஷயங்கள் எல்லோருக்கும் உதவும்.

ஒன்று, ஓடும்போது கிளச் பெடலில் காலை வைத்துக்கொண்டே இருக்காதீர்கள். லேசாக வைத்தாலும் கரி உரசிக்கொண்டே இருக்கும். பேராதனையில் வாகன நெரிசலில் நின்றால், மிதித்தபடி காத்திருக்காமல் நியூட்ரலுக்குப் போங்கள்.

இரண்டு, பெடல் முதலில் கொஞ்சத் தூரம் சும்மா இறங்க வேண்டும். கிளச் பிளேட் தேயத் தேய அந்தத் தூரம் குறைந்துகொண்டே வரும். அது இல்லாமல் போனால், கால் வைக்காவிட்டாலும் பெயரிங் தேயும். காருக்கு அடியில் கிளச் கம்பியில் உள்ள நட்டைத் திருப்பி அதைச் சரி செய்யலாம். ஒவ்வொரு சேர்விஸுக்கும் இதைப் பார்க்கச் சொல்லுங்கள்.

மூன்று, கிளச் இருக்கும் கூட்டின் அடியில் ஒரு சின்னத் துளையும் அதில் ஆடிக்கொண்டிருக்கும் ஒரு ஸ்பிலிட் பின்னும் இருக்கும். எஞ்சினிலிருந்து கசியும் எண்ணெய் கிளச்சில் படாமல் வெளியே சொட்டத்தான் அந்தத் துளை. எண்ணெய் சொட்டுகிறதே என்று அதை அடைத்துவிடாதீர்கள்.

போன கிழமை உம்மாவை அதே காரில் கண்டிக்குக் கூட்டிப் போய் வந்தோம். விலை கேட்டவர் மறுபடியும் கோல் எடுத்தார். விற்கும் எண்ணம் இல்லை என்று தம்பியே சொல்லிவிட்டான்.

உங்கள் காரிலும் இப்படிச் சத்தம் வந்தால், யாருக்கும் விலை சொல்வதற்கு முன்னால் நியூட்ரலில் போட்டு ஒருமுறை கேட்டுப் பாருங்கள். பிடிபடாவிட்டால் பாடசாலை விட்டபிறகு பின்னேரத்தில் எங்கள் வீட்டுப் பக்கம் கொண்டு வாருங்கள். சேர்ந்து கேட்டுப் பார்ப்போம்.