நாலு சக்கரத்தில் ஒரு வீடு

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்" என்று சொல்லி வைத்த பெரியவர்கள், சக்கரம் வைத்த வீடு ஒன்றை, அதுவும் பழைய வீட்டை, விலைக்குக் கேட்டுப் பார்த்தவர்கள் அல்ல. பார்த்திருந்தால் அந்தப் பழமொழியில் இன்னும் ஒரு வரி சேர்ந்திருக்கும். இரண்டு மாத காலமாக நான் அந்தக் காரியத்தைத்தான் செய்துகொண்டிருக்கிறேன்.

சக்கரம் வைத்த வீடு என்றால் வேறொன்றுமில்லை. ஒரு வேன். உள்ளே இரண்டு படுக்கை, ஒரு சின்ன அடுப்பு, மடக்கு மேஜை, தண்ணீர்த் தொட்டி, மூலையில் ஒரு கழிப்பறை. சினிமாக்காரர்களின் புண்ணியத்தில் 'கேரவன்' என்ற பெயர் நம் எல்லோருக்கும் பழக்கமாகிவிட்டது. ஆனால் காஞ்சிபுரத்துக்காரனுக்கு இந்தச் சமாசாரம் ஒன்றும் அதிசயமில்லை. ஆந்திராவிலிருந்தும் கர்நாடகத்திலிருந்தும் யாத்திரை பஸ்கள் எங்கள் ஊருக்கு வந்து நிற்பதைப் பாருங்கள். பஸ் நின்றதும் முதலில் இறங்குகிறவர் சமையற்காரர்தான். ஜனங்கள் ஏகாம்பரநாதரைத் தரிசித்துத் திரும்புவதற்குள் மரத்தடியில் சாதம் வெந்திருக்கும், கொடியில் புடவை காய்ந்துகொண்டிருக்கும். சாமிகளுக்கும் எங்கள் ஊரில் வீடு தங்குவதில்லை. வைகாசி கருட சேவையன்று வரதராஜப் பெருமாள் விடியற்காலையிலேயே வாகனம் ஏறிவிடுவார்.

வெள்ளைக்காரர்களுக்கு இந்த யோசனை கொஞ்சம் தாமதமாகத்தான் வந்தது. ஜெர்மனியில் 1950-ஆம் ஆண்டு ஃபோக்ஸ்வாகன் கம்பெனி ஒரு வேனைத் தயாரிக்க ஆரம்பித்தது. அடுத்த வருஷமே வெஸ்ட்ஃபாலியா என்ற கம்பெனி அதற்குள் படுக்கையும் அலமாரியும் வைத்துக் கொடுத்தது. அந்த மாதிரி வேன்களில் ஏறிக்கொண்டு ஐரோப்பிய வாலிபர்கள் இஸ்தான்புல், டெஹ்ரான், காபூல் வழியாக இந்தியா வரைக்கும் வந்தார்கள். 1979-இல் ஈரானில் புரட்சியும் ஆப்கானிஸ்தானில் சோவியத் படையும் வந்து சேர, அந்தப் பாதை அடைபட்டுப் போயிற்று.

1979 என்றதும் எங்கள் வீட்டில் வேறொரு ஞாபகம் வரும். எனக்குக் கல்யாணமான வருஷம் அது. அனந்தசரஸ் குளத்திலிருந்து அத்தி வரதர் வெளியே வந்த வருஷமும் அதுதான். பத்தொன்பது வயசுப் புதுப்பெண்ணாக என் மனைவி அவரைச் சேவித்தாள். "இனி நாற்பது வருஷம் கழித்துப் பார்க்கலாம்" என்று அப்போது சிரித்துக்கொண்டே சொன்னவள்தான். நாற்பது வருஷம் கழித்து, 2019 ஜூலை முதல் தேதியிலிருந்து ஆகஸ்டு 17 வரை நடந்த 48 நாள் வைபவத்தில் பெருமாள் தரிசனம் தந்தார். எங்கெங்கிருந்தோ ஜனங்கள் வந்தார்கள். ஒரு கோடிக்கு மேல் என்று கணக்குச் சொன்னார்கள். கோயிலுக்கு இரண்டு கிலோமீட்டரில் குடியிருக்கும் என் மனைவி மட்டும் போகவில்லை.

ஏன் தெரியுமா? வரிசையில் நிற்க வேண்டிய நேரம் ஐந்து மணி, ஆறு மணி. அவளுக்கோ முக்கால் மணிக்கு ஒரு தடவை ஒதுங்கியாக வேண்டும்.

குடும்பப் பத்திரிகையில் இதையெல்லாம் எழுதலாமா என்று யாராவது நினைத்தால், தயவுசெய்து உங்கள் வீட்டில் ஐம்பத்தைந்து வயது தாண்டிய பெண்களிடம் ஒரு வார்த்தை விசாரித்துப் பாருங்கள். பிறகு என்னோடு சண்டைக்கு வாருங்கள்.

என் மனைவி முப்பது வருஷம் குழித்தறியில் கால்விட்டு உட்கார்ந்து கோர்வைச் சேலை நெய்தவள். முழங்கால் இரண்டும் தறியோடு போயின. குந்தி உட்கார முடியாது. அதன் மேல் சர்க்கரை. வைத்தியம் பார்த்தோம், மாத்திரை உண்டு, ஓரளவு குணமும் உண்டு. ஆனால் பிரயாணம் என்று வந்துவிட்டால் அவள் செய்கிற காரியம் ஒன்று இருக்கிறது. முந்தின நாள் இரவிலிருந்தே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவாள். "இதைவிட ஆபத்து வேறில்லை அம்மா, நீர்த்தாரையில் புண் வந்துவிடும்" என்று டாக்டர் கோபித்துக்கொண்ட பிறகு, தண்ணீரை நிறுத்துவதை விட்டாள். பிரயாணத்தையே நிறுத்திவிட்டாள். கேட்டால், "வீட்டைப் பூட்டிட்டு எப்படிங்க வர்றது? நீங்க போயிட்டு வாங்க" என்பாள். திருபுவனத்தில் இருக்கும் அவள் தம்பியின் மூத்த பெண்ணுக்குக் கல்யாணம் நடந்தபோது, அத்தை செய்ய வேண்டிய முறைகளை எல்லாம் வேறு யாரோ செய்தார்கள். இரண்டாவது பெண்ணுக்கு வருகிற தை மாதம் முகூர்த்தம் வைத்திருக்கிறது.

இந்தச் சமயத்தில்தான் வேலூர்ப் பக்கத்து அன்பர் ஒருவர், தம்முடைய பழைய மோட்டார் வீட்டை விற்கப் போவதாகச் சேதி வந்தது. 2009-இல் பதிவான வண்டி. விலை எட்டரை லட்சம். எந்தக் கம்பெனி வண்டி என்பது வேண்டாம். அது அந்தக் கம்பெனியின் விவகாரம் அல்ல.

நான் முப்பத்து நாலு வருஷம் ஒரு பட்டுக் கூட்டுறவுச் சங்கத்தில் சேலைக்குத் தரம் பார்த்தவன். சேலை வாங்க வருகிறவர்கள் மேற்புறத்தைப் பார்த்து மயங்குவார்கள். விஷயம் தெரிந்தவன் புரட்டிப் போட்டுப் பார்ப்பான். ஜரிகையைக் கத்தி முனையால் சுரண்டி உள்ளே சிவப்புப் பட்டு இழை தெரிகிறதா என்று பார்ப்பான். உடலும் கரையும் சேருகிற இடத்தில் இழை பிடித்திருக்கிறதா என்று இழுத்துப் பார்ப்பான். பழைய வண்டிக்கும் இதே சாஸ்திரம்தான் என்று மெக்கானிக் ஒருவர் எனக்குப் பாடம் சொன்னார். புது வர்ணத்தைப் பார்க்காதே, படுத்துக்கொண்டு அடிச்சட்டத்தைப் பார், துரு எங்கே ஓடுகிறது என்று பார். மழை பெய்த மறுநாள் போய்ப் பார். கூரையில் ஜன்னலுக்கும் குழாய்க்கும் ஓட்டை போட்ட இடங்களில்தான் தண்ணீர் இறங்கும். உள்சுவர்ப் பலகையைக் கட்டை விரலால் அழுத்தினால் அமுங்கக்கூடாது. கதவைத் திறந்ததும் பூஞ்சை வாசனை வரக்கூடாது. டயரின் பட்டன் தேய்ந்திருக்கிறதா என்பதோடு நிறுத்தாதே. பக்கவாட்டில் நாலு இலக்கம் அச்சாகியிருக்கும்: 2316 என்றிருந்தால் 2016-ஆம் வருஷத்து 23-ஆவது வாரத்தில் செய்த டயர் என்று அர்த்தம். இந்த மாதிரி வண்டிகள் ஓடுவதைவிட நிற்பதுதான் அதிகம். ஆகவே டயர் தேயாமலே கிழமாகிவிடுகிறது.

அந்த வண்டியின் டயர்களுக்கு வயது ஒன்பது. நாலையும் மாற்ற வேண்டும். விளக்குக்கும் மின்விசிறிக்கும் தனியாக வைத்திருந்த இரண்டாவது பாட்டரி செத்துப் போயிருந்தது. கூரை மட்டும் ஆச்சரியமாக நன்றாக இருந்தது. கழிப்பறை, கீழே பெட்டி வைத்த தினுசு. நிறைந்ததும் பெட்டியை இழுத்து வீட்டுக் கழிப்பறையில் கொட்டிக் கழுவ வேண்டும். வெளிநாடுகளில் இதற்கென்று வழியில் இடம் வைத்திருக்கிறார்களாம். இங்கே கேரளம் 2021-இல் கேரவன் சுற்றுலாவுக்கென்று ஒரு கொள்கை வகுத்து, வண்டி நிறுத்தும் பூங்காக்களுக்கு வழி செய்தது. காஞ்சிக்கும் கும்பகோணத்துக்கும் நடுவில் அப்படி எதையும் நம்பிப் புறப்பட முடியாது. பெட்டியைச் சுமப்பவன் நானே. அதில் எனக்கு ஆட்சேபமில்லை.

பார்க்கப் போனபோது மனைவியையும் அழைத்துப் போயிருந்தேன். அவள் ஏறி உட்கார்ந்து பார்க்காமல் முன்பணம் ஒரு ரூபாய் தருவதில்லை என்பது என் தீர்மானம். வழியில் மூன்று இடத்தில் ஓட்டல் பார்த்து நிறுத்திப் போய்ச் சேர்ந்தோம். வண்டியின் முதல் படி உயரமாக இருந்தது. கீழே ஒரு முக்காலி போட்டு ஏற்றினோம். ஏறியவள் படுக்கையைப் பார்க்கவில்லை, அடுப்பைப் பார்க்கவில்லை. நேரே அந்த மூலைக் கதவைத் திறந்தாள், உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். சில நிமிஷம் சத்தமே இல்லை. விற்கிறவரும் நானும் ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம். வெளியே வந்து, "முழங்கால் இடிக்கலை. பிடிச்சுக்கக் கம்பி ஒண்ணு வைக்கணும்" என்றாள்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த அன்பரே வண்டியைக் காஞ்சிக்கு ஓட்டி வந்தார். வாலாஜாபாத் வரை போய்த் திரும்புவதாக ஏற்பாடு. ஊரைத் தாண்டி வெயில் ஏறத் தொடங்கியதும் பின்னாலிருந்து, "என்னங்க, அந்தத் தண்ணியைக் குடுங்க" என்று குரல் வந்தது. திரும்பிப் பார்த்தேன். ஒரு சொம்புத் தண்ணீரை அண்ணாந்து குடித்தாள். நிறுத்தி நிதானமாகக் குடித்தாள். ஓடுகிற வண்டியில் அவள் தண்ணீர் கேட்டு நான் பார்த்து எத்தனையோ வருஷமாகிவிட்டது.

அந்த நிமிஷத்தில் யாராவது கையெழுத்துப் போடச் சொல்லியிருந்தால் போட்டிருப்பேன். நல்லவேளையாக, கையெழுத்துக்கு முன்னால் காகிதம் பார்க்கிற வழக்கம் எனக்கு உண்டு.

பதிவுச் சான்றிதழில் பதின்மூன்று ஆசனம் என்றிருந்தது. வண்டிக்குள் இருந்தவை நாலே நாலு. மற்றது படுக்கையும் அடுப்பும். முதல் சொந்தக்காரர் எந்தப் பட்டறையிலோ கொடுத்து உள்ளே எல்லாவற்றையும் மாற்றியிருக்கிறார், ஆபீசில் சொல்லவில்லை. இதெல்லாம் ஒரு குற்றமா என்று நீங்கள் கேட்கலாம். மோட்டார் வாகனச் சட்டம் (1988) 52-ஆவது பிரிவு, சான்றிதழில் உள்ள விவரம் தயாரிப்பாளர் குறித்ததற்கு மாறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. கேரளத்து வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இதை இன்னும் அழுத்திச் சொன்னது. 'சொந்த உபயோகத்துக்கான கேம்பர் வேன்' என்று ஒரு தனி இனமே மத்திய அரசின் 2004-ஆம் வருஷத்து அறிவிக்கையில் இருக்கிறது. அந்த இனத்தில் பதிவான வண்டியென்றால் தொல்லையில்லை. இல்லாத வண்டிக்கு ஒரு விபத்து நேர்ந்தால், இன்ஷூரன்ஸ்காரர் முதலில் சான்றிதழைத்தான் எடுப்பார், அடுத்தபடி ஆசனங்களை எண்ணுவார். ஓடுகிற வண்டிக்குள் எரிவாயு சிலிண்டரும் இருக்கிறது என்பதை மறந்துவிடாதீர்கள்.

வயதுக் கணக்கு வேறு. சொந்த வண்டிக்குப் பதிவு 15 வருஷம். அப்புறம் ஐந்தைந்து வருஷமாகப் புதுப்பிக்க வேண்டும். இந்த வண்டிக்கு 2024-இல் புதுப்பித்தது 2029 வரை செல்லும். அப்போது வயது இருபது. இருபது தாண்டிய இலகு ரக வண்டிக்குப் புதுப்பிக்கும் கட்டணத்தைப் பத்தாயிரம் ரூபாயாக 2025 ஆகஸ்டில் உயர்த்தியிருக்கிறார்கள். பணம் கட்டிவிடலாம், பரிசோதனைக்குப் போகும்போது பதின்மூன்று ஆசனம் எங்கே என்று கேட்டால் என்ன சொல்வது?

பெங்களூரிலிருக்கும் என் மகன் டெலிபோனில் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினான். கழிப்பறையுள்ள வண்டி சென்னையில் வாடகைக்குக் கிடைக்கிறது. எங்களுக்குச் சொன்னது டிரைவரோடு நாளைக்குப் பதினைந்தாயிரம். எட்டரை லட்சத்துக்கு ஐம்பத்தாறு நாள் போகலாம். டயர், பாட்டரி, வரி, இன்ஷூரன்ஸ், ஓட்டுகிறவர் கூலி எல்லாம் மிச்சம். "அம்மா வருஷத்துக்குப் பத்து நாள் போனாலே பெரிசு. விற்கும்போது அந்த வண்டியை யார் வாங்குவாங்க அப்பா?" என்றான். கணக்கில் தப்பு சொல்ல முடியவில்லை. என் ஓய்வூதியச் சேமிப்பு பதினாலு லட்சம். அதன் வட்டிதான் எங்கள் இருவருக்கும் மருந்து.

இதைச் சொன்னதும் என் மனைவி உடனே பதில் பேசவில்லை. அரிசி களைந்து உலையில் போட்ட பிறகு சொன்னாள்: "வாடகை வண்டின்னா நாள் எண்ணிக்கிட்டே உட்காரணும். சொந்தமா வாசல்ல நின்னா, ஒரு அமாவாசைக்குத் திடீர்னு ராமேசுவரம் போகலாம்னு தோணும். போறோமோ இல்லையோ, தோணும் இல்லையா?"

கணக்குப் புத்தகத்தில் இதற்கு எந்தப் பத்தியில் தொகை எழுதுவது? மகனைக் கேட்டேன். அவனுக்கும் தெரியவில்லை.

கடைசியில் நான் செய்தது இது. வேலூர் அன்பருக்கு ஒரு கடிதம் எழுதினேன். உள்ளே செய்த மாற்றங்களைப் போக்குவரத்து ஆபீசில் முறைப்படி ஒப்புக்கொள்ளச் செய்து, சான்றிதழில் ஏற்றி, இன்ஷூரன்சும் அதற்கு ஏற்ப மாற்றிக் கொடுத்தால், டயர் பாட்டரி செலவைக் கழித்து ஏழு லட்சத்துக்கு எடுத்துக்கொள்கிறேன். காகிதம் சரியாகாவிட்டால் ஏழாயிரத்துக்கும் வேண்டாம். "பார்க்கலாம்" என்று பதில் வந்தது. தமிழில் அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்பது உங்களுக்குத் தெரியும். அதனால் கேம்பர் வேனாகவே பதிவான பழைய வண்டி வேறு எங்காவது விலைக்கு வருகிறதா என்றும் விசாரித்துக்கொண்டிருக்கிறேன். விலை கூடத்தான் இருக்கும். பத்து லட்சம் வரையில் போவதென்று இரண்டு பேருமாக முடிவு செய்திருக்கிறோம். அதற்கு மேல் மருந்துப் பணம்.

தை மாதக் கல்யாணத்துக்கு வாடகை வண்டிதான். நாலு நாளைக்குப் பேசி முன்பணம் கட்டியாகிவிட்டது. காஞ்சியிலிருந்து திருபுவனம் ஏறக்குறைய இருநூற்றைம்பது கிலோமீட்டர். பெண்ணுக்கு அத்தை சீராகக் கொடுக்க அரக்குச் சேலை ஒன்று எடுத்திருக்கிறோம். புரட்டிப் பார்த்துத்தான் எடுத்தேன். என் மனைவி நேற்றுச் சாயங்காலம் பாத்திரக் கடைக்குத் தனியாகப் போய், இரண்டு லிட்டர் பிடிக்கிற எவர்சில்வர் கூஜா ஒன்று வாங்கி வந்திருக்கிறாள்.